நிறுத்தியிருந்த காரைக் கம்பெனி வண்டி இடித்தால்: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கோரக் கடைவீதிகளில் பொள்ளாச்சிக் காய்கறி லோடும், பால் வண்டியும், பேக்கரி வேனும், கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸும் ஒரே வீதியில் திரும்புகின்றன. ஓரமாக நிறுத்திய காரின் கதவு நசுங்குவது அடிக்கடி நடக்கிறது. வண்டி டி.என். பதிவு, இடித்த இடம் கேரளம், கம்பெனி ஆபீஸ் கோயம்புத்தூர் என்று சிக்கிக்கொண்டால், பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் டிரைவர் நீட்டும் ஆயிரம் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு மீதியைக் கைக்காசில் போட்டுவிடுகிறார். அப்படி விட வேண்டியதில்லை. வேலை நேரத்தில் டிரைவர் செய்த தவறுக்கு வண்டியின் உரிமையாளர்தான் பணம் கொடுக்க வேண்டும். செங்கோட்டை, குமுளி, களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கும் கீழே உள்ள முறை பொருந்தும்.

1. காரை நகர்த்தும் முன் எடுக்க வேண்டிய படங்கள்

வழி விடச் சொல்லி ஹாரன் அடிப்பார்கள். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். முதல் படம் தூரத்திலிருந்து: சாலை, உங்கள் கார், இடித்த வண்டி, பின்னால் ஏதாவது ஒரு கடையின் பெயர்ப்பலகை, எல்லாம் ஒரே படத்துக்குள் வர வேண்டும். கார் சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நின்றதா, அங்கே நோ பார்க்கிங் பலகை உண்டா என்பதும் தெரியட்டும். பிற்பாடு கம்பெனி முதலில் சொல்லப்போவது "வண்டியை வளைவில் மறித்து நிறுத்தியிருந்தார்" என்பதுதான். ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவின்படி தவறு. அதைக் காட்டி உங்கள் மேலும் பாதிப் பழியைப் போடப் பார்ப்பார்கள்.

அடுத்து நெருக்கமான படங்கள். நசுங்கிய இடம், இடித்த வண்டியின் எந்த மூலை பட்டது, ஒரு வண்டியின் பெயிண்ட் இன்னொன்றில் ஒட்டியிருப்பது. பிறகு நம்பர் பிளேட், வண்டியின் மேல் எழுதியுள்ள கம்பெனிப் பெயர், பின்னால் உள்ள போன் நம்பர். டிரைவரின் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், லோடு வண்டியானால் பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) ஆகியவற்றைப் படம் மட்டும் எடுங்கள். சாவியைப் பிடுங்குவது, லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வது இரண்டும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்த விவகாரம் அடுத்த நிமிடமே உங்கள் மேல் புகாராக மாறிவிடும்.

எதிர்க் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். சிறிய கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும். ஒரு வாரம் கழித்துப் போனால் பல கடைகளில் எதுவும் இருக்காது. கடைக்காரரிடம் அந்தப் பகுதியைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, எந்தக் கேமரா, எந்த நேரம், யார் எடுத்துக் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கு வரை போனால் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தக் கடைக்காரரிடம்தான் திரும்பப் போக வேண்டியிருக்கும், அதனால் முகம் சுளிக்காமல் பேசுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சார், முதலாளிகிட்ட சொன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்க, நானே தந்துடறேன்" என்று டிரைவர் கெஞ்சுவார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவரால் இருபதாயிரம் தர முடியாது, அடுத்த வாரம் போனையும் எடுக்கமாட்டார். அவரிடம் கோபப்படாமல், உங்கள் கணக்கு கம்பெனியோடுதான் என்று சொல்லி, சூப்பர்வைசருக்கு அங்கேயே போன் போடச் சொல்லுங்கள். டிரைவரிடமிருந்து ஜிபேயில் சிறு தொகைகூட வாங்காதீர்கள். "அன்னைக்கே செட்டில் ஆயிடுச்சு" என்று கம்பெனி சொல்ல அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

2. வண்டி உண்மையில் யாருடையது

பலர் தடுக்கி விழும் இடம் இது. வேனின் பக்கவாட்டில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், வண்டியோ ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட்காரருடைய அட்டாச் வண்டியாக இருக்கும். பெயர்ப்பலகையை நம்பிக் கடிதம் போட்டால் "அது எங்கள் வண்டி இல்லை" என்று ஒரு மாதம் கழித்துப் பதில் வரும்.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம், பாலிசி முடியும் தேதி, எஃப்.சி. தேதி ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். முழுப் பெயரும் முகவரியும் வேண்டுமானால், நீங்கள் எடுத்த ஆர்.சி. படம்தான் சுலபமான வழி. அது இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 160ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ எழுதிக் கேளுங்கள். இழப்பீடு கேட்க உரிமை உள்ளவருக்கு, கட்டணம் பெற்றுக்கொண்டு, அந்த விவரங்களைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். டி.என். 41 வண்டியானால் பொள்ளாச்சி, கே.எல். 70 ஆனால் சித்தூர் என்று நம்பரே எந்த அலுவலகம் என்று சொல்லிவிடும்.

ஆர்.சி.யில் பிரைவேட் லிமிடெட் பெயர் இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். கடிதம் அங்கேயும் போக வேண்டும், வண்டி ஓடும் கிளைக்கும் போக வேண்டும். பெயர்ப்பலகைக் கம்பெனியும் ஆர்.சி. உரிமையாளரும் வேறு வேறானால் இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். பெரிய கம்பெனி தன் பெயருக்குப் பயந்து டிரான்ஸ்போர்ட்காரரை நெருக்கும். அவருடைய பில்லிலேயே பிடித்துக்கொண்டு உங்களுக்குத் தருவதும் உண்டு.

3. காவல் நிலையம்: ஒரு காகிதம் கையில் வர வேண்டும்

ஆளுக்குக் காயம் இல்லாமல் பொருளுக்கு மட்டும் சேதம் என்றால் எஃப்.ஐ.ஆர். போடப் போலீஸ் தயங்கும். பாரதிய நியாய சம்ஹிதை 281ஆம் பிரிவு மனித உயிருக்கு ஆபத்து வரும்படியோ காயம் ஏற்படும்படியோ ஓட்டுவதைத்தான் சொல்கிறது. கவனக்குறைவாக ஒரு கதவை நசுக்கியது மட்டும் தனிக் குற்றமாக நிற்பது கடினம். அதனால் எஃப்.ஐ.ஆருக்காகச் சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். டிரைவர் குடித்திருந்தால், லைசென்ஸ் இல்லையென்றால், இடித்துவிட்டு ஓடியிருந்தால் மட்டும் விடாமல் கேளுங்கள்.

கேரளப் பகுதியில் நடந்ததென்றால் ஜி.டி. என்ட்ரி, அதாவது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு, போதும். நிலையத்தில் நேரில் மனு தரலாம். கேரளக் காவல்துறையின் 'போல்-ஆப்' செயலியிலும் 'துணா' இணையதளத்திலும் வாகன விபத்துக்கான ஜி.டி. சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் பகுதியில் நடந்ததென்றால் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டு ரசீது) வாங்குங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி டிரைவரின் கடமையும்கூட. அவர் போகாமல் நீங்கள் முதலில் போனால், அதுவே உங்கள் பக்கத்துக்குப் பலம்.

கேரளத்தில் தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கு அதுதான் உதவும். மலையாளத்தில் வரும் ஜி.டி. சான்றுக்கும் ஒரு மொழிபெயர்ப்பு எடுத்துவிடுங்கள்.

மனுவில் இவை வர வேண்டும்: தேதி, நேரம், இடம், கார் நிறுத்தியிருந்தது என்ற சொல், உள்ளே ஆள் இருந்தார்களா, இரு வண்டிகளின் எண், டிரைவர் பெயர், சேதமான பாகங்கள் ஒவ்வொன்றாக. "காரின் பின்பக்கம் சேதம்" என்று மொட்டையாக எழுதினால், பின்னால் டிக்கியின் பூட்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்கும்போது "இது ஜி.டி.யில் இல்லை" என்பார்கள்.

சான்று கைக்கு வந்ததும் கடைசி வரி வரை படித்துவிட்டு வெளியே வாருங்கள். எழுத்தர் வேலையைச் சுருக்க, இரு தரப்பும் ஒத்துதீர்ப்பு (சமரசம்) ஆகிவிட்டது, புகார் இல்லை என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவது உண்டு. மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் கம்பெனியும் இன்சூரன்ஸும் அதற்கு மேல் எதையும் பார்க்கமாட்டார்கள்.

எல்லையை ஒட்டி நடந்திருந்தால் "இது எங்க லிமிட் இல்லை" என்று இரண்டு நிலையமும் கை விரிக்கும். கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை 173ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் ஜி.டி. போதும் என்றால், கடையின் வரி ரசீதில் எந்தப் பஞ்சாயத்து என்று இருக்கும், அந்தப் பக்க நிலையத்துக்குப் போய்விடுவது சீக்கிரம் முடியும்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை காரைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்.

4. எஸ்டிமேட்: இரண்டு, எழுத்தில், பிரித்து

உங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒன்று, நல்ல வெளிப் பட்டறையில் ஒன்று. இரண்டிலும் பாகம், டிங்கரிங் கூலி, பெயிண்ட், ஜி.எஸ்.டி. என்று தனித்தனி வரி இருக்க வேண்டும். "மொத்தம் 28,000" என்று ஒரே வரியில் எழுதிய தாளை எந்தக் கணக்குப்பிரிவும் ஏற்காது. இப்போது பாகங்களுக்கும் 18%, கூலிக்கும் 18% ஜி.எஸ்.டி. அதைச் சேர்க்காமல் தொகை கேட்டுவிட்டால் பிறகு கூட்டிக் கேட்க முடியாது.

பின்பக்கம் வாங்கிய அடியில் வெளியே தெரிவது பாதிதான். பம்பரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை வளைந்திருக்கும், பார்க்கிங் சென்சார் விரிசல் விட்டிருக்கும், கிளிப்புகள் உடைந்திருக்கும். முன்பக்கமானால் ரேடியேட்டர் தாங்கியும் ஹெட்லைட் பிடியும். சக்கரத்தின் மேல் அடிபட்டிருந்தால் அலைன்மென்ட் பார்த்த அச்சுத்தாளையும் வாங்குங்கள். அதனால் எஸ்டிமேட்டின் அடியில் "பிரித்துப் பார்த்த பின் கூடுதல் சேதம் இருந்தால் துணை மதிப்பீடு தரப்படும்" என்று பட்டறைக்காரரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சேதம் பெரிதானால் உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரிடம் தனியாக ஒரு அறிக்கை வாங்குவது செலவுக்குத் தகும். வழக்கு டிரிப்யூனல் (மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) வரை போனால் பட்டறைக்காரரின் தாளைவிட அதற்கு எடை அதிகம். மாற்றிய பழைய பாகங்களைப் பட்டறையில் விட்டுவிடாதீர்கள். பணம் வரும் வரை வீட்டில் கிடக்கட்டும். கார் பட்டறையில் நின்ற நாட்களில் போன டாக்சிக்கு ரசீது இருந்தால் அதையும் கேட்கலாம்.

5. உங்கள் சொந்த இன்சூரன்ஸில் போடலாமா?

கம்பெனிக்காரர் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: "உங்க பாலிசியில போட்டுக்குங்க, பிடிச்ச காசை மட்டும் நாங்க தர்றோம்." கேட்க நியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மூன்றரை வயதான, 1200 சிசி கார் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பம்பர் 6,000, கதவு 9,000, பெயிண்ட் 8,000, கூலி 4,000, மொத்தம் 27,000. வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். சாதாரணப் பேக்கேஜ் பாலிசியில் பிளாஸ்டிக்குக்கு 50% தேய்மானம், அதாவது 3,000. மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இரும்புப் பாகத்துக்கு 25%, அதாவது 2,250. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து அதில் பாதி, 1,000. ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. உங்கள் கையிலிருந்து போவது 7,250. அதோடு முடியவில்லை. அடுத்த புதுப்பித்தலில் கிடைக்க வேண்டிய 45% நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யமாகும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால் அங்கே 4,500. ஆக 11,750. அதற்குப் பிறகும் போனஸ் 20 சதவீதத்திலிருந்துதான் மறுபடி ஏறும்.

எனவே அவர் யோசனைக்கு ஒத்துக்கொள்வதானால், போனஸ் இழப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இருந்தால் தேய்மானம் போய்விடும், கழிவும் போனஸும் நிற்கும். சொந்தப் பாலிசியில் வாங்கிய அதே தொகையைக் கம்பெனியிடமும் இன்னொரு முறை வாங்க முடியாது. அந்த உரிமை உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது.

க்ளெய்ம் போடாவிட்டாலும் உங்கள் நிறுவனத்துக்கு உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்: "தகவலுக்காக மட்டும், இப்போது க்ளெய்ம் கோரவில்லை." கம்பெனி கை விரித்தால் திரும்பிவர வழி அதுதான். தாமதமாகச் சொன்னதைக் காரணம் காட்டி அப்போது மறுக்க முடியாது.

கம்பெனி வண்டியின் இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. மூன்றாம் நபர் பொருள் சேதத்துக்கு அதில் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாய்க்குக் குறைத்து எடுத்திருக்கும் உரிமையாளர்களும் உண்டு. அப்படியிருந்தால் மீதி முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

6. கம்பெனிக்குக் கடிதம்

எஸ்டிமேட் வந்த அன்றே அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. வாட்ஸ்அப்பில் பேசினால், "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி அதையே மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள். கடிதத்தில் அழுகையும் மிரட்டலும் வேண்டாம். இந்த அளவு போதும்:

"… தேதி மாலை … மணிக்கு … கடைவீதியில் … கடை முன் சாலையோரம் நிறுத்தியிருந்த எனது … எண் காரில், தங்கள் பெயரில் பதிவாகியுள்ள … எண் வாகனம் பின்னோக்கி வந்து மோதியது. ஓட்டியவர் … . இடது பின் கதவு, பின் பம்பர், பின் விளக்கு சேதமடைந்தன. … காவல் நிலைய ஜி.டி. எண் … . பழுதுபார்க்கும் செலவு ரூ. …, மதிப்பீடு இணைத்துள்ளேன். இத்தொகையை … தேதிக்குள் செலுத்த வேண்டும். இன்சூரன்ஸ் வழியாகத் தருவதானால் பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது தெரியவரும் கூடுதல் சேதத்துக்கான உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை."

ஏழு நாள் கெடு கொடுங்கள். டிரான்ஸ்போர்ட் மேனேஜருக்கும் நிர்வாகப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். மேனேஜர் தன் வண்டிக் கணக்கில் பேர் கெடும் என்று அமுக்கிவிடப் பார்ப்பார், மேலே பிரதி போனால் அமுக்க முடியாது. தபாலில் அனுப்புவதானால், 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் பதிவுச் சேவையும் டெலிவரி சான்றும் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள்.

7. தருகிறோம் என்று சொன்ன பிறகு

கெட்டிக்காரர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கணக்குப்பிரிவு உங்களிடம் பான் பிரதி, கேன்சல் செய்த செக், ஜி.எஸ்.டி. பில் எல்லாம் கேட்கும், அது முறைதான். பில் யார் பெயரில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கம்பெனி பட்டறைக்கு நேரடியாகக் கட்டுவதானால், காரை வெளியே எடுக்கும் முன் கட்ட வேண்டும் என்று பட்டறையிடம் சொல்லிவையுங்கள். கார் வெளியே வந்துவிட்டால் பட்டறை உங்களைத்தான் துரத்தும். மூல பில்லைக் கொடுக்கும்போது பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

"முழுமையும் இறுதியுமான தீர்வு, இனி எந்த உரிமையும் இல்லை" என்ற தாளைப் பணம் வங்கியில் ஏறிய பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள். பம்பரைப் பிரிப்பதற்கு முன் கையெழுத்திடவே கூடாது.

பிந்தைய தேதியிட்ட செக் தந்தால் தேதியைப் பாருங்கள். டிரிப்யூனலுக்குப் போக உங்களுக்கு விபத்திலிருந்து ஆறு மாதம்தான், அதற்கு அப்பால் தேதியிட்ட செக்கை வாங்காதீர்கள். செக் திரும்பினால் வங்கியின் தாள் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதன்பின் அவர்களுக்கு 15 நாள், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் பற்றிய சட்டம்) 138ஆம் பிரிவு வழக்கு.

8. தராவிட்டால்

வக்கீல் நோட்டீஸ், 15 நாள் கெடுவுடன். டிரைவர், ஆர்.சி. உரிமையாளர், அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனம் மூவருக்கும் போக வேண்டும். கம்பெனியின் சட்டப்பிரிவு முதன்முதலாகக் கோப்பைத் திறப்பது அப்போதுதான். சிறு தொகைகள் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

பதினைந்து இருபதாயிரம் ரூபாய் விவகாரத்துக்கு டிரிப்யூனல் வரை போவதை என் கணக்கில் நான் சொல்லமாட்டேன். வக்கீல் கட்டணமும் அலைச்சலும் அதைத் தின்றுவிடும். அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்திலோ தாலுகா குழுவிலோ வழக்குக்கு முந்தைய லோக் அதாலத் மனு கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே ஒத்துக்கொண்டு எழுதியது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். ஆனால் கம்பெனி வரச் சம்மதித்தால்தான் பலன். அதற்காகக் காத்திருக்கும்போது ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள். விபத்து இழப்பீடு அதன் வரம்பில் இல்லை என்று திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனும் பாலிசி எடுத்தவருக்கானவர், அடுத்தவர் பாலிசி மேல் நீங்கள் அங்கே போக முடியாது.

பெரிய சேதமானால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான் இடம். ஆள் காயப்படாவிட்டாலும் சேதமான பொருளின் உரிமையாளர் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். எல்லையோர மக்களுக்குச் சாதகமான விஷயம் இதில்தான் இருக்கிறது: விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பொள்ளாச்சியில் இடித்திருந்தாலும் கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டிலேயே தாக்கல் செய்யலாம். கேரளத்தில் அது ஓ.பி.(எம்.வி.), தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. என்று எண் பெறும். ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில் இருந்து, சாட்சிக் கடைக்காரரும் பொள்ளாச்சிக்காரர் என்றால் அந்தப் பக்கமே போடுவது நல்லது. சாட்சியை எல்லை தாண்டி நாலு வாய்தாவுக்கு வரவைப்பது கடினம்.

மூன்று எதிர்த்தரப்பையும் சேர்க்காமல் மனு போடாதீர்கள். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, எஃப்.சி. முடிந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் நழுவினால், உரிமையாளர் பெயர் மனுவில் இருந்தால்தான் அவர்மேல் தீர்ப்பு வரும். விபத்து கம்பெனியின் காம்பவுண்டுக்குள் நடந்திருந்தால் "பொது இடம் இல்லை" என்ற வாதத்தையும் இன்சூரன்ஸ் எடுக்கும், பொதுமக்கள் வந்துபோகும் இடம்தான் என்று காட்டப் படம் வைத்திருங்கள்.

தீர்ப்பு வந்தால் 30 நாளுக்குள் தொகையைக் கட்ட வேண்டும், மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம். கட்டாவிட்டால் 174ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துக் கலெக்டருக்குச் சான்று வாங்குங்கள். நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் அந்தத் தொகையைக் கம்பெனியிடமிருந்து வசூலித்துத் தருவார்கள்.